வீட்டு வரி இவ்வளவு கட்டியும் விற்பனை வரி ஏன் கூடியது? சான்டா கிளாரா கவுன்டியின் கணக்கு

கலிஃபோர்னியாவின் சான்டா கிளாரா கவுன்டியில் 2026 ஏப்ரல் 1 முதல் விற்பனை வரி கூடியிருக்கிறது. நூறு டாலர் பொருளுக்கு 62.5 சென்ட் அதிகம். 2025 நவம்பர் 4 அன்று ‘மெஷர் ஏ’ என்ற பெயரில் வாக்குச்சீட்டில் வைக்கப்பட்டு, வாக்காளர்களின் பெரும்பான்மையோடு வந்த வரி இது. ஆயுள் ஐந்து ஆண்டு. ஆண்டுக்குச் சுமார் 33 கோடி டாலர் கிடைக்கும் என்பது கவுன்டியின் மதிப்பீடு.

ஆப்பிள், கூகுள், என்விடியா மூன்றுக்கும் தலைமையகம் இந்தக் கவுன்டிக்குள்தான் இருக்கிறது. ஒரு சாதாரண தனி வீடே 15 லட்சம் டாலருக்குக் குறைந்து கிடைப்பது அரிது. அந்த வீட்டுக்கு ஆண்டுதோறும் 15,000, 18,000 டாலர் என்று வரி கட்டுகிறவர்கள், “இவ்வளவு வாங்கியும் பற்றவில்லையா?” என்று கேட்பது நியாயம்தான். அந்தப் பணத்தில் கவுன்டி அரசின் கைக்குப் போவது சிறு பங்கு. அந்த வரியின் விகிதத்தை ஏற்றக் கவுன்டிக்கு அதிகாரம் இல்லை. அதன் தலையில் இருக்கிற வேலையோ மிகப் பெரியது, அதுவும் பெரும்பாலும் பிறர் பணத்தில் நடப்பது. பதில் இந்த மூன்றுக்குள் இருக்கிறது.

கவுன்டி என்பது யார்?

கலிஃபோர்னியாவில் 58 கவுன்டிகள் உண்டு. சட்டத்தின் பார்வையில் கவுன்டி என்பது மாநில அரசின் கிளை. சான்டா கிளாராவில் சுமார் 19 லட்சம் பேர் வசிக்கிறார்கள்; சான் ஹோசே, சன்னிவேல், கூப்பர்ட்டினோ, மில்பிட்டாஸ் உட்பட 15 நகரங்கள் இருக்கின்றன. ஒவ்வொரு நகரத்துக்கும் தனி நகர மன்றம். கவுன்டியை ஆள்வது, மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கும் ஐந்து பேர் கொண்ட மேற்பார்வையாளர் குழு. தமிழ்நாட்டு மாவட்டத்தை மனத்தில் வைத்துப் பார்த்தால் குழம்பும். மேலிருந்து நியமிக்கப்படும் கலெக்டர் இங்கே கிடையாது. நிர்வாகத்தை நடத்தும் கவுன்டி எக்சிக்யூட்டிவ் கூட அந்த ஐவருக்குத்தான் பதில் சொல்ல வேண்டும். கவுன்டிப் போலீஸின் தலைவரான ஷெரிஃப், மாவட்ட அரசு வழக்கறிஞர், சொத்து மதிப்பைக் கணிக்கும் அசெஸர் ஆகிய மூவரும் தனித்தனியாக வாக்கில் வருகிறவர்கள்.

கவுன்டி இரண்டு வேடம் போடுகிறது.

1. எல்லா நகரங்களிலும் இருக்கிற அத்தனை பேருக்கும் மாநிலத்தின் வேலையைச் செய்வது. நீதிமன்ற வழக்கு நடத்துவது, சிறை, தேர்தல், பொதுச் சுகாதாரம், குழந்தைகள் பாதுகாப்பு, ஏழைகளுக்கான மருத்துவக் காப்பீடான மெடி-கால், உணவு உதவியான கால்ஃபிரெஷ், திருமண உரிமம், வீட்டுப் பத்திரப் பதிவு எல்லாம் இதில் வரும். 2020 மார்ச்சில் அமெரிக்காவிலேயே முதன்முதலாக வீட்டுக்குள் இருக்கச் சொன்ன கோவிட் உத்தரவைப் பிறப்பித்தவர்களும் சான் ஃபிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதிக் கவுன்டிகளின் சுகாதார அதிகாரிகள்தான்.

2. எந்த நகரத்துக்குள்ளும் சேராத பகுதிகளுக்கு நகராட்சியாக இருப்பது. இதற்குப் பெரிய உதாரணம் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக வளாகம். அது பாலோ ஆல்டோவை ஒட்டி இருந்தாலும் அதன் பெரும்பகுதி பாலோ ஆல்டோ நகரத்தில் சேராது. அங்கே புதுக் கட்டடம் எழுப்ப வேண்டுமானால் அனுமதி தர வேண்டியது கவுன்டிதான்.

எல்லைக் கோடு இவ்வளவு சுத்தமாக எப்போதும் இருக்காது. கூப்பர்ட்டினோ, சரடோகா, லாஸ் ஆல்டோஸ் ஹில்ஸ் நகரங்களுக்குச் சொந்தப் போலீஸ் இல்லை. பணம் கொடுத்து ஷெரிஃபை அமர்த்திக்கொள்கின்றன. கூப்பர்ட்டினோ, மில்பிட்டாஸ் நூலகங்கள் கவுன்டி நூலக மாவட்டத்தைச் சேர்ந்தவை, சன்னிவேல் நூலகம் நகரத்துடையது. சாலைகளில் இது இன்னும் வேடிக்கை. லாரன்ஸ், சான் தோமஸ், மான்டேக், சென்ட்ரல், ஃபுட்ஹில் என்று ‘எக்ஸ்பிரஸ்வே’ பெயர் தாங்கியவை எந்த நகரத்தின் வழியே போனாலும் கவுன்டியின் பொறுப்பு. 101, 280 போன்ற நெடுஞ்சாலைகள் மாநிலத்தின் பொறுப்பு. உங்கள் வீட்டுத் தெரு நகரத்துடையது. லாரன்ஸில் இருக்கும் பள்ளத்துக்குச் சன்னிவேல் நகர மன்றத்தில் புகார் செய்தால் யாரும் வந்து மூட மாட்டார்கள்.

பள்ளிகள், தண்ணீர், பேருந்து இவை மூன்றும் கவுன்டி அரசிடம் இல்லை. பள்ளி மாவட்டங்கள் தனி. குடிநீரைச் சேமித்து மொத்தமாக விற்கும் வேலி வாட்டரும் தனி, பேருந்தும் லைட் ரயிலும் ஓட்டும் விடிஏவும் தனி. ஓட்டுநர் உரிமம் வழங்கும் டிஎம்வி மாநிலத்துடையது.

வீட்டு வரி: ரசீதில் ஒரு பெயர், பங்குதாரர் பலர்

ஆண்டுதோறும் இலையுதிர் காலத்தில் வரும் சொத்து வரி பில்லின் தலையில் கவுன்டியின் பெயர் இருக்கிறது. அதனால்தான் முழுப் பணமும் கவுன்டிக்குப் போகிறது என்ற எண்ணம் வருகிறது. கவுன்டி இங்கே வசூல் செய்து பிரித்துக் கொடுக்கும் ஆள். சீட்டுப் பணத்தை வசூலிக்கிறவர் கையில் கட்டு பெரிதாகத் தெரியும், அது முழுக்க அவருடையதல்ல, அந்தக் கதைதான்.

வரியின் அடிப்படை, 1978 ஜூனில் மாநில வாக்காளர்கள் நேரடி வாக்கெடுப்பில் நிறைவேற்றிய ‘ப்ராபோசிஷன் 13’ என்ற தீர்மானம். அதன் விதிகள் மூன்று:

1. அடிப்படை வரி, கணிக்கப்பட்ட மதிப்பில் 1 சதவீதத்தைத் தாண்டக் கூடாது.
2. அந்த மதிப்பு ஆண்டுக்கு 2 சதவீதத்துக்கு மேல் ஏறக் கூடாது, சந்தை விலை எவ்வளவு ஏறினாலும்.
3. வீடு கை மாறினால், அல்லது புதிதாகக் கட்டினால், அன்றைய சந்தை விலைக்கு மதிப்பு புதுப்பிக்கப்படும்.

ஒரே தெருவில் ஒரே மாதிரி இரண்டு வீடுகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒன்றை 1985-இல் 2 லட்சம் டாலருக்கு ஒருவர் வாங்கினார். நாற்பது ஆண்டு தொடர்ந்து முழு 2 சதவீதம் ஏறினாலும் 2025-இல் அதன் வரி மதிப்பு சுமார் 4,41,600 டாலர். அடிப்படை வரி 4,416 டாலர். பக்கத்து வீட்டை 2025-இல் 15 லட்சத்துக்கு வாங்கியவருக்கு 15,000 டாலர். சாலையும் அதேதான், பள்ளியும் அதேதான். புதிதாகக் குடியேறி வீடு வாங்கியவர்களுக்கு இது உறுத்துவதில் வியப்பில்லை. ஆனால் இந்த ஏற்பாட்டை நகர மன்றமோ மேற்பார்வையாளர் குழுவோ மாற்ற முடியாது. இது மாநில அரசியல் சாசனத்தில் இருக்கிறது. மாற்ற வேண்டுமானால் மாநிலம் முழுக்க வாக்கெடுப்பு வேண்டும்.

இப்படி வசூலாகும் 1 சதவீதத்தை யாருக்கு எவ்வளவு என்று பிரிப்பதும் மாநிலச் சட்டம்தான். சான்டா கிளாராவில் பாதியை ஒட்டிய பெரும்பங்கு பள்ளிகளுக்குப் போகிறது. கவுன்டி அரசுக்கு வருவது ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு. மீதியை நகரங்களும் சமூகக் கல்லூரிகளும் தனி மாவட்டங்களும் பகிர்ந்துகொள்கின்றன. ஆக, 15,000 டாலர் கட்டுகிறவரின் பணத்தில் கவுன்டியின் சொந்தப் பைக்குச் சேருவது சுமார் 3,000 டாலர்.

பில்லின் கீழ்ப்பகுதியில் 1 சதவீதத்துக்கு மேல் சிறு சிறு வரிகள் தெரியும். பள்ளிக் கட்டடத்துக்கோ மருத்துவமனைக்கோ வாக்காளர்கள் ஒப்புக்கொண்ட கடன் பத்திரங்களை அடைக்க வாங்குபவை அவை. இதில் ஒரு பெயர்க் குழப்பம் உண்டு. 2008-இல் கவுன்டி மருத்துவமனையான வேலி மெடிக்கல் சென்டரை நிலநடுக்கம் தாங்கும்படி கட்ட 84 கோடி டாலர் கடன் பத்திரத்துக்கு ஒப்புதல் வாங்கியதும் ‘மெஷர் ஏ’. 2016-இல் குறைந்த வாடகை வீடுகளுக்காக 95 கோடி டாலர் வாங்கியதும் ‘மெஷர் ஏ’. ஒவ்வொரு தேர்தலிலும் எழுத்து முதலிலிருந்து தொடங்குவதால் வருகிற வினை. அந்த இரண்டும் வீட்டு வரி பில்லில் இருக்கின்றன; 2025-இன் மெஷர் ஏ அந்தப் பில்லில் வராது, கடை ரசீதில்தான் வரும்.

புதிதாக வாங்கியவரை உலுக்கும் சப்ளிமென்டல் பில்

வீடு வாங்கிச் சில மாதம் கழித்து, ஆயிரக்கணக்கான டாலருக்கு எதிர்பாராத ஒரு பில் வரும். மோசடிக் கடிதம் என்று நினைத்து ஒதுக்கி வைத்தவர்களும் இருக்கிறார்கள். அது உண்மையான பில்தான்; வழக்கமான பில்லுக்கு மேல் வரும் இந்தத் துணை பில்லுக்குப் பெயர் சப்ளிமென்டல்.

வழக்கமான பில் ஜனவரி 1 அன்று இருந்த மதிப்பில் கணக்கிடப்படுகிறது. நீங்கள் அக்டோபரில் வாங்கினால், அந்த ஆண்டின் பில்லில் பழைய உரிமையாளரின் குறைந்த மதிப்புதான் இருக்கும். மேலே சொன்ன 1985 வீட்டையே 15 லட்சத்துக்கு வாங்கியிருந்தால், வித்தியாசம் சுமார் 10,58,000 டாலர். அதில் ஆண்டுக்கு 1 சதவீதம் 10,580. வரி ஆண்டு ஜூலை முதல் ஜூன் வரை. வாங்கிய அடுத்த மாதமான நவம்பரிலிருந்து எட்டு மாதம் பாக்கி. ஆக, சுமார் 7,000 டாலர். ஜனவரிக்கும் மே மாதத்துக்கும் இடையில் வாங்கினால் இப்படி இரண்டு பில் வரும்.

இந்தப் பில் நேரே உங்கள் முகவரிக்கு வரும், கடன் கொடுத்த வங்கிக்குப் போகாது. வரிக்காக வங்கி உங்களிடம் வாங்கி வைத்திருக்கும் எஸ்க்ரோ கணக்கிலிருந்து அதுவே கட்டிவிடும் என்று இருந்தால் கெடு தாண்டி 10 சதவீத அபராதம் விழும். வழக்கமான பில்லுக்குக் கெடு, முதல் தவணை டிசம்பர் 10, இரண்டாம் தவணை ஏப்ரல் 10. சப்ளிமென்டலுக்குக் கெடு அந்தப் பில்லிலேயே இருக்கும்.

வாங்கியவர் செய்யக்கூடியவை:

1. குடியிருக்கும் வீடு என்றால் வீட்டு உரிமையாளர் விலக்குக்கு விண்ணப்பிக்கலாம். மதிப்பில் 7,000 டாலர் கழியும். ஆண்டுக்கு 70 டாலர் சொச்சம்தான் மிச்சம். ஒருமுறை கொடுத்தால் போதும் என்பதால் விடுவானேன்.
2. ஜனவரி 1 அன்று சந்தை விலை, வரி மதிப்பைவிடக் கீழே இறங்கியிருந்தால் அசெஸரிடம் மறுபார்வை கேட்கலாம். முறையான மேல்முறையீட்டுக்கு இந்தக் கவுன்டியில் கெடு ஜூலை 2 முதல் செப்டம்பர் 15 வரை. சப்ளிமென்டல் மதிப்பை எதிர்ப்பதானால் அறிவிப்பு வந்து 60 நாளுக்குள். மேல்முறையீடு நடக்கிறது என்று வரி கட்டாமல் இருக்கக் கூடாது.
3. அப்படிக் குறைத்த மதிப்பு தற்காலிகமானது. சந்தை திரும்ப ஏறும்போது 2 சதவீதக் கட்டுப்பாடு இல்லாமல் பழைய இடத்துக்கு ஏற்றுவார்கள்.

கவுன்டியிடம் இருக்கும் ஒரே கைப்பிடி

வீட்டு வரி விகிதத்தைக் கவுன்டி தொட முடியாது. வருமான வரி போட அதிகாரம் இல்லை. கடன் பத்திரத்துக்கு மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேண்டும். அந்தப் பணத்தில் கட்டடம் கட்டலாமே தவிர நர்ஸுக்குச் சம்பளம் கொடுக்க முடியாது. அன்றாடச் செலவுக்கு, வேகமாக, பெரிய தொகையாகப் பணம் திரட்ட மிஞ்சுவது விற்பனை வரிதான்.

அதிலும் இரண்டு வகை. ‘இன்ன வேலைக்கு மட்டும்’ என்று கட்டிப்போட்ட வரியைக் கவுன்டி முன்மொழிந்தால் மூன்றில் இரண்டு பங்கு வாக்கு தேவை. கட்டுப்பாடு இல்லாமல் பொது நிதிக்குப் போகும் வரிக்குப் பாதிக்கு மேல் ஒரு வாக்கு இருந்தால் போதும். ஆனால் 1996-இன் ‘ப்ராபோசிஷன் 218’ விதிப்படி, பொது வரியை வழக்கமான தேர்தலில்தான் வைக்க வேண்டும். இடையில் வைக்க மேற்பார்வையாளர்கள் ஒருமனதாக அவசர நிலை என்று அறிவிக்க வேண்டும். 2025 ஆகஸ்டில் சான்டா கிளாரா மேற்பார்வையாளர்கள் அந்த வழியைத்தான் எடுத்தார்கள்.

எதற்கு அவ்வளவு பணம்? நான்கு மருத்துவமனைகள்

கவுன்டியின் ஆண்டு பட்ஜெட் 1,300 கோடி டாலரைத் தாண்டும். அதில் பெரும்பகுதி, மாநிலமும் கூட்டாட்சி அரசும் ‘இதற்கு மட்டும்’ என்று எழுதிக் கொடுத்த பணம். செலவில் பெரிய இடத்தைப் பிடிப்பது மருத்துவம்.

மாநிலத்தின் நலவாழ்வுச் சட்டத்தில் 17000-ஆவது பிரிவு, வேறு ஆதரவில்லாத ஏழைகளைக் கவனிக்க வேண்டியது கவுன்டி என்கிறது. இதைப் பல கவுன்டிகள் தனியார் மருத்துவமனைகளோடு ஒப்பந்தம் போட்டு முடித்துக்கொள்கின்றன. சான்டா கிளாரா வேறு வழியில் போனது. தானே மருத்துவமனை நடத்துகிறது, மேலும் மேலும் வாங்குகிறது. பழைய வேலி மெடிக்கல் சென்டர் ஏற்கெனவே இருந்தது. திவாலான ஒரு மருத்துவமனைக் குழுமத்திடமிருந்து சான் ஹோசேயின் ஓ’கானரையும் கில்ராயின் செயின்ட் லூயிஸையும் 2019-இல் வாங்கியது. 2025 ஏப்ரலில் கிழக்கு சான் ஹோசேயின் ரீஜனல் மெடிக்கல் சென்டரை 17.5 கோடி டாலருக்கு வாங்கியது. அங்கே முந்தைய தனியார் உரிமையாளர் விபத்துக் காயங்களுக்கான சிகிச்சைப் பிரிவைச் சுருக்கியிருந்ததால், அந்தப் பகுதி மக்கள் வெகுவாகக் கொதித்துப்போயிருந்தார்கள்.

அலுவலகக் காப்பீடு இருக்கிறவர்களுக்கு ‘இது நமக்குச் சம்பந்தமில்லை’ என்று தோன்றலாம். நெடுஞ்சாலையில் பெரிய விபத்து நடந்தால் ஆம்புலன்ஸ் போவது உங்கள் காப்பீட்டு அட்டையில் பெயர் இருக்கும் மருத்துவமனைக்கு அல்ல; பலத்த காயங்களுக்கான உயர்நிலைப் பிரிவு இருக்கும் மருத்துவமனைக்கு. இந்தக் கவுன்டியில் முதல் நிலைத் தகுதி பெற்றவை ஸ்டான்ஃபோர்டும் வேலி மெடிக்கல் சென்டரும்தான். தீக்காயச் சிகிச்சைக்குப் பெயர் போனதும் வேலி மெடிக்கல் சென்டரே.

வாஷிங்டனில் கையெழுத்து, சான் ஹோசேயில் பள்ளம்

இந்த மருத்துவமனைகளுக்கு வருகிறவர்களில் பெரும்பங்கினர் மெடி-கால் பயனாளிகள். மெடி-கால் என்பது கூட்டாட்சியின் மெடிக்கெய்டு திட்டத்துக்குக் கலிஃபோர்னியாவில் வழங்கும் பெயர். 2025 ஜூலை 4 அன்று டிரம்ப் கையெழுத்திட்ட ‘ஹெச்.ஆர்.1’ சட்டம் அந்தப் பணம் வரும் குழாயை இறுக்குகிறது. கவுன்டியைத் தொடும் அம்சங்கள்:

1. மெடிக்கெய்டு திட்டம் பின்னர் விரிவாக்கப்பட்டபோது தகுதி பெற்ற, வேலை செய்யும் வயதினர், 2027 ஜனவரி முதல் மாதம் 80 மணி நேர வேலையோ படிப்போ தொண்டோ செய்வதை நிரூபிக்க வேண்டும். விலக்குகள் உண்டு.
2. அவர்களின் தகுதியை ஆண்டுக்கு ஒருமுறைக்குப் பதிலாக ஆறு மாதத்துக்கு ஒருமுறை சரிபார்க்க வேண்டும். சரிபார்க்கும் வேலை கவுன்டி ஊழியர் தலையில்.
3. மாநிலங்கள் கூடுதல் கூட்டாட்சிப் பணம் பெறப் பயன்படுத்திவந்த மருத்துவமனை நிதி ஏற்பாடுகள் படிப்படியாகச் சுருக்கப்படுகின்றன.
4. உணவு உதவித் திட்டத்தின் நிர்வாகச் செலவில் கூட்டாட்சி இதுவரை பாதி கொடுத்தது. 2026 அக்டோபரிலிருந்து கால் பங்குதான். மிச்சம் மாநிலத்தின் மேலும் கவுன்டியின் மேலும் விழும்.

என் பார்வையில் கவுன்டிக்கு ஆபத்தானவை முதல் இரண்டும்தான். படிவத்தைக் கெடுவுக்குள் அனுப்பாததால் காப்பீடு போனவர் நோயில்லாதவர் ஆகிவிட மாட்டார். அவசரப் பிரிவுக்கு வருவார். 1986-இன் கூட்டாட்சிச் சட்டப்படி அவரைப் பரிசோதிக்காமல், நிலைப்படுத்தாமல் அனுப்ப முடியாது. முன்பு அதற்கு மெடி-கால் பணம் தந்தது. இனி அந்தச் செலவு கவுன்டியின் பொது நிதியில் ஏறும். முழுக்க நடைமுறைக்கு வரும்போது இழப்பு ஆண்டுக்கு 100 கோடி டாலருக்கு மேல் என்பது கவுன்டியின் கணிப்பு. அதோடு ஒப்பிட்டால், மெஷர் ஏ தரும் 33 கோடி மூன்றில் ஒரு பங்குதான். அதாவது வரி வந்த பிறகும் வெட்டு இருக்கும்.

கடை ரசீதில் என்ன மாறும், என்ன மாறாது

கலிஃபோர்னியாவில் அரிசி, காய்கறி, பால் போன்ற சமைக்கும் பொருளுக்கும் மருத்துவர் எழுதிக் கொடுத்த மருந்துக்கும் விற்பனை வரி கிடையாது. மெஷர் ஏ அவற்றைத் தொடாது. உணவகச் சாப்பாடு, துணி, போன், மேசை நாற்காலி எல்லாவற்றுக்கும் உண்டு. இணையத்தில் வாங்கி இங்கே வந்து இறங்கும் பொருளுக்கும் உண்டு. காரைப் பக்கத்துக் கவுன்டியில் வாங்கித் தப்பிக்கலாம் என்பது நடக்காது. வண்டி எந்த முகவரியில் பதிவாகிறதோ அந்த ஊர் விகிதம்தான் விழும். 50,000 டாலர் காருக்குக் கூடுதல் 312.50 டாலர். நகரங்கள் சில தம் பங்குக்கும் சேர்த்திருப்பதால் மொத்த விகிதம் ஊருக்கு ஊர் வேறுபடும்.

விற்பனை வரிக்கு எதிரான வாதத்திலும் பலம் இருக்கிறது. 1985-இல் வாங்கிய வீட்டில் இருப்பவர் கட்டுவதும், வாடகை அறையில் இருக்கும் துப்புரவுத் தொழிலாளி கட்டுவதும் ஒரே விகிதம். சம்பளத்தில் பெரும்பகுதியைச் செலவழித்தே தீர வேண்டியவருக்குத்தான் அது அதிகம் கடிக்கும். மருத்துவமனை மூடினால் முதலில் அடிபடுவதும் அவர்தான் என்பது ஆதரித்தவர்களின் பதில்.

இன்னொன்று, தேர்தல் பிரசாரத்தில் மருத்துவமனைகளே முன்னால் நின்றாலும் மெஷர் ஏ சட்டப்படி பொது வரி. வருகிற பணத்தை மருத்துவமனைக்கே செலவழிக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. எங்கே போகிறது என்பதை ஒவ்வோர் ஆண்டும் மேற்பார்வையாளர்கள் பட்ஜெட்டில் முடிவு செய்வார்கள். நிதி ஆண்டு ஜூலை 1-இல் தொடங்குகிறது, பட்ஜெட் பற்றிய பொதுக் கூட்டங்கள் ஜூனில். கூட்ட நிகழ்ச்சி நிரலை 72 மணி நேரம் முன்பே வெளியிட வேண்டும் என்றும், யார் வேண்டுமானாலும் பேச நேரம் தர வேண்டும் என்றும் மாநிலத்தின் பிரவுன் சட்டம் சொல்கிறது. இந்த வரி முழு ஆண்டுக்கும் வசூலாகும் முதல் பட்ஜெட் 2026-27. வேலை விதி 2027 ஜனவரியில் வருவதால், அதன் பாதிப்பும் அதே பட்ஜெட்டின் பிற்பாதியில்தான் தெரியத் தொடங்கும். வரி 2031 மார்ச் 31-இல் முடிகிறது. அதற்குப் பிறகும் வேண்டுமென்றால் கவுன்டி மறுபடி வாக்காளர்களிடம்தான் வர வேண்டும்.